4 நாள்கள்... 55 கி.மீ... எரிமலைகளுக்கு நடுவே ஒரு நடை! - ஐஸ்லாந்து ட்ரெக்கிங்குக்குத் திட்டமிடுவது எப்படி?

``அம்மா, ஜூலைல ஐஸ்லாந்து போறோம். நாலு நாள் ட்ரெக்கிங். எரிமலைக்கு நடுவுல நடக்கணும்!''

ஜெர்மனியில் படிக்கும் மகனோ, நெதர்லாந்தில் வேலை பார்க்கும் மகளோ வீடியோ காலில் இப்படிச் சொன்னால், நம் வீட்டில் முதலில் வரும் கேள்வி, ``எரிமலை வெடிச்சிட்டா என்னப்பா பண்ணுவீங்க?'' என்பதாகத்தான் இருக்கும். கேள்வி நியாயமானதுதான். ஆனால், அந்தப் பாதையில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நெருப்பு அல்ல. காற்று, மழை, பனிமூட்டம், ஆற்று நீர் ஆகிய நான்கும்தான்.

`லாய்கவேகூர்' என்பது அந்தப் பாதையின் பெயர். ஐஸ்லாந்தின் தெற்கு மேட்டுநிலத்தில், லான்ட்மன்னலாய்கர் என்ற இடத்தில் தொடங்கி தோர்ஸ்மோர்க் என்ற பள்ளத்தாக்கில் முடிகிறது. நீளம் சுமார் 55 கி.மீ. உலகம் முழுவதும் இருந்து கோடைக்காலத்தில் ட்ரெக்கிங் பிரியர்கள் இங்கே குவிகிறார்கள். ஐரோப்பாவில் இருக்கும் நம் ஊர் இளைஞர்களின் `பக்கெட் லிஸ்ட்'டிலும் இப்போது இது இடம்பிடித்திருக்கிறது.

நான்கு நாளில் 55 கி.மீ என்பது பெரிய தூரமா என்று கேட்டால், இல்லை. 1997 முதல் இதே பாதையில் ஆண்டுதோறும் ஜூலை மாதம் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. முழுத் தூரத்தையும் நான்கு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தவர்களும் உண்டு. ஆனால், இதே பாதையில் உயிர்கள் போனதும் உண்டு. 2004-ம் ஆண்டு ஜூன் இறுதியில், அதாவது கோடைக்காலத்தில், இஸ்ரேலைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இங்கே பனிப்புயலில் சிக்கி இறந்தார். அவர் போய்ச் சேர வேண்டிய மலைக்குடில் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு கி.மீ தூரத்தில்தான் இருந்தது. பாதையோரத்தில் இருக்கும் அவரது நினைவுக் கல்லைக் கடந்துதான் இன்றும் எல்லோரும் நடக்கிறார்கள்.

எனவே, இந்தப் பயணத்துக்கான திட்டம் என்பது `ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ நடப்பது' என்பது மட்டுமல்ல. `எந்த நாளில் நடக்காமல் இருப்பது' என்பதையும் சேர்த்துத்தான். போகிறவர்களும், வீட்டில் காத்திருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களைப் பார்ப்போம்.

பெயரிலேயே ஒரு குழப்பம்!

தலைநகர் ரெய்க்யாவிக்கின் முக்கியமான கடைவீதிக்கும் `லாய்கவேகூர்' என்றுதான் பெயர். அந்தக் காலத்தில் ஊர்ப் பெண்கள் துணி துவைக்க வெந்நீர் ஊற்றுக்குப் போன வழி அது. `லாய்க்' என்றால் வெந்நீர்க் குளம். `வேகூர்' என்றால் பாதை. மலைப்பாதையும் வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் இடத்தில் தொடங்குவதால் அதே பெயர். `லாய்கவேகூரில் ரூம் இருக்கு' என்று இணையத்தில் பார்த்தால், அது மலையா, கடைவீதியா என்று பார்த்துவிட்டு புக் செய்யுங்கள்.

எப்போது போகலாம்?

ஜூன் இறுதியில் இருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் சீஸன். மேட்டுநிலச் சாலைகளில் பனி உருகி, அவை போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட பிறகே பேருந்துகள் ஓடும். பனி எவ்வளவு என்பதைப் பொறுத்து இந்தத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். முதல்முறை போகிறவர்களுக்கு ஜூலை நடுவில் இருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பொருத்தமான காலம். ஜூலையில் இரவிலும் முழு இருட்டு வராது என்பதால், `இருட்டுவதற்குள் போய்ச் சேரணுமே' என்ற பதற்றம் இல்லை. ஆனால், கோடை என்றதும் நம் ஊர் ஊட்டி சீஸனை நினைத்துவிடக் கூடாது. மேட்டுநிலத்தில் ஜூலைப் பகலிலும் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இருப்பது சகஜம். உயரமான பகுதியில் பாதையின் மேலேயே பனி கிடக்கும்.

நான்கு நாள்... நான்கு நிலம்!

பெரும்பாலானவர்கள் வடக்கில் இருந்து தெற்காக நடக்கிறார்கள். தொடங்கும் இடம் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முடியும் இடம் சுமார் 200 மீட்டர். மொத்தமாகப் பார்த்தால் இறக்கம்தான் அதிகம்.

முதல் நாள்: லான்ட்மன்னலாய்கர் - ஹ்ராஃப்ன்டின்னுஸ்கேர், 12 கி.மீ. நான்கைந்து மணி நேர நடை. ஏறத்தாழ 470 மீட்டர் ஏற்றம். குடிலில் இருந்து கிளம்பியவுடனேயே 1477-ல் வெடித்த எரிமலையின் லாவா உறைந்து கிடக்கும் கரடுமுரடான நிலத்துக்குள் நுழைகிறீர்கள். கந்தகத்தின் மஞ்சள், இரும்புத் தாதுவின் சிவப்பு, பாசியின் பச்சை என்று மலைகள் ஹோலி விளையாடியதுபோல நிற்கும். தரையில் ஆங்காங்கே ஆவி பறக்கும். அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அது பூமிக்கு அடியில் இருந்து வரும் கந்தக வாயு. ஆஸ்துமா இருப்பவர்கள் இன்ஹேலரைப் பையின் அடியில் வைக்காமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் கொதிக்கும் இடங்களில் பாதையைவிட்டு விலகவே கூடாது. மேலே கெட்டியாகத் தெரியும் மண்ணுக்கு அடியில் சுடுசேறு இருக்கலாம்.

சேரும் இடம் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. `ஹ்ராஃப்ன்டின்னா' என்றால் எரிமலைக் கண்ணாடிக் கல். லாவா வேகமாகக் குளிர்ந்து கறுப்புக் கண்ணாடிபோல ஆன கல் அது. வழியெங்கும் பளபளவெனக் கிடக்கும். பார்த்து ரசிக்கலாம், பையில் போடக் கூடாது. முன்பு சொன்ன 2004 விபத்து நடந்தது இந்தக் குடிலுக்கு அருகில்தான்.

இரண்டாம் நாள்: ஹ்ராஃப்ன்டின்னுஸ்கேர் - ஆல்ஃப்டவட்ன், 12 கி.மீ. பனி நிரம்பிய ஓடைப் பள்ளங்களில் ஏறி இறங்கிய பிறகு, திடீரென நிலம் கீழே சரிகிறது. கண் எதிரே பச்சை மலைகள், நடுவில் ஓர் ஏரி, தூரத்தில் பனிப்பாறைகள். 490 மீட்டர் செங்குத்தாக இறங்க வேண்டும் என்பதால் முட்டி வலி உள்ளவர்களுக்கு இந்த நாள்தான் சோதனை. கையில் ஊன்றுகோல் அவசியம். இறங்கியதும் ஓர் ஓடையில் இறங்கிக் கடக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் நாள்: ஆல்ஃப்டவட்ன் - எம்ஸ்ட்ரூர், 15 கி.மீ. ஆறேழு மணி நேரம். பச்சை முடிந்து, கறுப்பு மணல்வெளி தொடங்கும். எரிமலைச் சாம்பல் படிந்த நிலம். காற்று பலமாக அடித்தால் மணல் முகத்தில் அறையும். கண்ணாடியும், முகத்தை மூட ஒரு துணியும் வேண்டும். பாலம் இல்லாத ஆறுகளும் இந்த நாளில்தான் வருகின்றன. எம்ஸ்ட்ரூருக்கு அருகில் 200 மீட்டர் வரை ஆழமுள்ள ஒரு மலை இடுக்கு இருக்கிறது. மாலையில் நேரமும் தெம்பும் இருந்தால் தவறவிடாதீர்கள்.

நான்காம் நாள்: எம்ஸ்ட்ரூர் - தோர்ஸ்மோர்க், 15 கி.மீ. கடைசிப் பகுதியில் `த்ரோங்கா' என்ற ஆற்றைக் காலால் கடந்தால், மூன்று நாளாகக் கண்ணில் படாத மரங்கள் வரும். எல்லாம் குட்டைக் குட்டையான பிர்ச் மரங்கள். `ஐஸ்லாந்துக் காட்டில் வழி தவறினால் என்ன செய்வது? எழுந்து நில்!' என்று அந்த நாட்டுக்காரர்களே ஜோக் அடிப்பார்கள்.

குடிலா, கூடாரமா?

பாதையில் உள்ள குடில்களை 1927-ல் தொடங்கப்பட்ட `ஃபெர்தாஃபியேலாக் ஈஸ்லான்ட்ஸ்' என்ற ஐஸ்லாந்து சுற்றுலாச் சங்கம் நடத்துகிறது. அடுக்குக் கட்டில், மெத்தை, கேஸ் அடுப்பு, பாத்திரங்கள் இருக்கும். ஸ்லீப்பிங் பேக் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ஹோட்டல் ரூம்போல எண்ண வேண்டாம். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே ஹாலில் படுக்க வேண்டும். கோடைக்கான இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும் என்பதால், விமான டிக்கெட் போடுவதற்கு முன்பு குடில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

குடிலுக்குப் பக்கத்திலேயே கூடாரம் போடவும் இடம் உண்டு. கண்ட இடத்தில் கூடாரம் போட அனுமதி இல்லை.

எது நல்லது என்பதை பட்ஜெட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குடிலில் கதகதப்பு உண்டு, முதுகில் சுமை குறையும். ஆனால் தேதி உங்களைக் கட்டிப்போடும். `இன்னிக்கு ராத்திரி அந்தக் குடில்ல புக் பண்ணியிருக்கோமே, காசு போயிடுமே' என்ற எண்ணம்தான் மோசமான வானிலையிலும் ஒருவரை வெளியே தள்ளும். கூடாரம் என்றால் இரண்டு, மூன்று கிலோ கூடுதல் சுமை. பலத்த காற்றில் தூக்கமும் கெடும். ஆனால், ஒரு நாள் காத்திருந்து புறப்படுவது சுலபம். நல்ல கூடாரமும் அதைக் காற்றில் கட்டிப் பழகிய கையும் இல்லாதவர்கள் குடிலையே தேர்வு செய்யுங்கள். ஆனால், `ஒரு நாள் வாடகை போனால் போகட்டும்' என்று கிளம்பும் முன்பே மனதுக்குள் கணக்கெழுதிவிடுங்கள்.

காலண்டரில் 4 நாள் அல்ல, 9 நாள்!

நடை நான்கு நாள் என்றாலும், விடுமுறை ஒன்பது நாள் எடுப்பதே புத்திசாலித்தனம்.

முதல் நாள் ரெய்க்யாவிக்கில் இறங்கி ஓய்வு, கேஸ் சிலிண்டர், மளிகை வாங்குவது. கேஸ் சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோகவே முடியாது, அங்கேதான் வாங்க வேண்டும். இரண்டாம் நாள் பேருந்தில் லான்ட்மன்னலாய்கர். பயணம் சுமார் நான்கு மணி நேரம். அன்றே நடக்கத் தொடங்குபவர்கள் அதிகம். ஆனால், அங்கே ஒரு இரவு தங்கி, வெந்நீர்க் குளத்தில் குளித்துவிட்டு மறுநாள் காலை தெம்பாகக் கிளம்புவது நல்லது. மூன்றில் இருந்து ஆறாம் நாள் வரை நடை. ஏழாம் நாள் தோர்ஸ்மோர்க்கில் இருந்து பேருந்தில் தலைநகர். எட்டாம் நாள் உதிரி நாள். ஒன்பதாம் நாள் விமானம்.

அந்த எட்டாம் நாளை `சும்மாதானே இருக்கு' என்று வேறு ஒரு டூர் புக் செய்து நிரப்பிவிடாதீர்கள். வழியில் ஒரு நாள் முடங்கினாலும் விமானம் தப்பாது என்ற நிம்மதிக்குத்தான் அந்த நாள். குடிலில் புக் செய்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. முதல் நாள் வானிலையால் கிளம்ப முடியாமல் போய், மறுநாள் வெளுத்துவிட்டால், இரண்டு நாள் தூரமான 24 கி.மீட்டரை ஒரே நாளில் நடந்து ஏரிக்கரைக் குடிலைப் பிடிக்கலாம். ஆனால், நடந்து பழகிய கால்களுக்கு மட்டுமே இது சரிப்படும். மற்றவர்கள் அதே பேருந்தில் ரெய்க்யாவிக் திரும்பிவிடுவதே நல்லது.

கார் எடுத்துக்கொண்டு போகலாமே என்றால், மேட்டுநிலச் சாலைகளில் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கு மட்டும்தான் சட்டப்படி அனுமதி. வழியில் ஆற்றுக்குள் வண்டியை இறக்க வேண்டியிருக்கும். தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் வாடகைக் கார் இன்ஷூரன்ஸ் பொதுவாகக் கைகொடுக்காது. தவிர, தொடங்கும் இடம் வேறு, முடியும் இடம் வேறு. பேருந்துதான் சரி.

விசா, இன்ஷூரன்ஸ்

ஐஸ்லாந்து ஷெங்கன் நாடு. இந்தியாவில் இருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாடுகளில் படிப்பு அல்லது வேலைக்கான குடியிருப்பு அனுமதி அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தனி விசா வேண்டாம். காப்பீடு எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில பாலிசிகள் மலை நடைப் பயணத்தை விலக்கி வைத்திருக்கும். `ட்ரெக்கிங்' என்ற சொல் பாலிசியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

முதலில், என்ன வேண்டாம் என்று பார்ப்போம். ஜீன்ஸ் வேண்டாம். காட்டன் டி-ஷர்ட் வேண்டாம். குடை வேண்டவே வேண்டாம். பருத்தித் துணி நனைந்தால் காயாது. ஈரத் துணியோடு காற்றில் நின்றால், வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேல் இருந்தாலும்கூட உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். `ஹைப்போதெர்மியா' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். விடாமல் நடுக்கம், பேச்சுக் குழறல், கை விரல்கள் சொன்னபடி கேட்காமல் போவது ஆகியவை இதன் அறிகுறிகள். கூட வருபவரிடம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும், காற்று அடிக்காத இடத்தில் நிறுத்தி, ஈர உடையை மாற்றி, சூடாக இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். `இன்னும் கொஞ்சம் தூரம்தான்' என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

உள்ளே கம்பளி உடை, நடுவில் ஸ்வெட்டர் போன்ற ஓர் அடுக்கு, வெளியே மழையும் காற்றும் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும் வேண்டும். தொப்பி, இரண்டு ஜோடி கையுறை, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு செட் காய்ந்த உடை. இந்த உடை இரவில் தூங்குவதற்கு மட்டும். கணுக்கால்வரை மூடும், ஏற்கெனவே நடந்து பழகிய ஷூ. புது ஷூவை ஐஸ்லாந்தில் தொடங்கிவைத்தால் இரண்டாம் நாளே கொப்புளம்தான்!

சாப்பாட்டுக்கு வழியில் கடைகளை நம்ப முடியாது. நான்கு நாளுக்கும், அதோடு ஒரு நாள் கூடுதலாகவும் கொண்டுபோக வேண்டும். வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா, அவல் மிக்ஸ், நூடுல்ஸ், பருப்புப்பொடி, கடலைமிட்டாய், பேரீச்சை ஆகியவை சுமை குறைவு, தெம்பு அதிகம். குளிரில் ஒரு டம்ளர் ரசப்பொடி போட்ட வெந்நீர் கொடுக்கும் சுகமே தனி. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் பிரச்னை இல்லை. மொத்தப் பை எடை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ எடை உள்ளவருக்கு 12 கிலோ.

கழிப்பறை குடில்களில் மட்டுமே. மாதவிடாய் நாள்கள் வரக்கூடும் என்றால் நாப்கின்களோடு, பயன்படுத்தியதைப் போட்டு மூட கெட்டியான பைகளும் எடுத்துக்கொள்ளுங்கள். குப்பை எதையும் வழியில் விடக் கூடாது, நீங்களே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ஆற்றை எப்படிக் கடப்பது?

ஐஸ்லாந்து மேட்டுநில ஆறுகள் பனி உருகி வருபவை. முழங்கால் அளவுதான் ஆழம் என்றாலும், சில நொடிகளில் கால் மரத்துவிடும். மழை பெய்தாலோ, வெயில் அடித்துப் பனி உருகினாலோ தண்ணீர் ஏறும். அதனால், காலை நேரத்தில் கடப்பது நல்லது.

ஆறு குறுகலாக இருக்கும் இடம் ஆழமாகவும் வேகமாகவும் இருக்கும். அகலமாக விரிந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். வெறுங்காலோடு இறங்காதீர்கள், பட்டை வைத்த செருப்போ, பழைய கேன்வாஸ் ஷூவோ இதற்கெனத் தனியாக வேண்டும். பையின் இடுப்பு, மார்புப் பட்டைகளைக் கழற்றிவிடுங்கள். தவறி விழுந்தால் பையை உதறிவிட்டு எழலாம். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, ஊன்றுகோலை ஊன்றி, ஒரு நேரத்தில் ஓர் அடி. தனியாக வந்திருந்தால் அடுத்து வருபவர்களுக்காகக் காத்திருந்து, கைகோத்துக் கடங்கள். தண்ணீர் தொடை வரை வரும் என்று தோன்றினால், கரையிலேயே நில்லுங்கள்.

சரி, எரிமலை?

அம்மாக்களின் முதல் கேள்விக்கு வருவோம். இந்தப் பாதையின் முடிவில் இருக்கும் எய்யாஃப்யட்லயோகுட்ல்தான் 2010 ஏப்ரலில் சாம்பலைக் கக்கி, ஐரோப்பாவின் விமானப் போக்குவரத்தையே முடக்கியது. பக்கத்தில் பனிப்பாறைக்கு அடியில் படுத்திருக்கும் காட்லா, கடைசியாகப் பெரிய அளவில் வெடித்தது 1918-ல். அது வெடித்தால் பனி உருகி வெள்ளம் பாயும். ஐஸ்லாந்து வானிலை ஆய்வு மையம் நிலநடுக்க அளவிகளை வைத்து இவற்றை 24 மணி நேரமும் கண்காணிக்கிறது. ஆபத்து என்றால், அந்தப் பகுதியில் இருக்கும் செல்போன்களுக்கு எஸ்.எம்.எஸ் எச்சரிக்கை போகும். எனவே போனில் சார்ஜ் இருக்கட்டும், பவர் பேங்க்கை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பாதை முழுவதும் சிக்னல் கிடைக்காது என்பதால், இணையம் இல்லாமல் திறக்கும் வரைபடத்தை முன்பே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

கிளம்பும் முன்பே எழுதவேண்டிய 3 முடிவுகள்

வழியில் களைப்பும் குளிரும் சேரும்போது யாருக்கும் முடிவெடுக்கும் தெளிவு இருக்காது. குழுவாகப் போனால் `நான்தான் பின்வாங்கினேன்' என்று பெயரெடுக்கவும் யாரும் விரும்ப மாட்டார்கள். அதனால், முடிவுகளை வீட்டிலேயே, சூடான காபியோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.

ஒன்று, குடில் காப்பாளர் `இன்று போகாதே' என்றால், போக மாட்டோம். குடில்களில் தினசரி வானிலை முன்னறிவிப்பை ஒட்டிவைப்பார்கள். காற்றின் வேகம் `விநாடிக்கு இத்தனை மீட்டர்' என்று இருக்கும். அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு கி.மீ. 15 மீட்டர் என்றால் மணிக்கு 54 கி.மீ. முதுகில் பெரிய பையோடு அந்தக் காற்றில் நிற்பதே சிரமம். புதியவர்கள் இதையே எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, பாதை நெடுக மரக் கம்புகள் நட்டிருப்பார்கள். ஒரு கம்பில் நின்று பார்த்தால் அடுத்த கம்பு தெரியாத அளவுக்கு மூட்டம் இருந்தால், திரும்பிவிடுவோம். குறிப்பாக முதல் நாளில். ஏனென்றால், ஏரிக்கரைக் குடிலுக்கு வண்டிச்சாலை இருக்கிறது. உயரத்தில் இருக்கும் முதல் குடிலில் இருந்து பேருந்து பிடித்துத் திரும்ப வழி இல்லை.

மூன்று, குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் குழுவின் வேகம். யாரும் யாரையும் விட்டுவிட்டு முன்னே போவதில்லை.

இந்த மூன்றையும் குழுவின் வாட்ஸ்அப் க்ரூப்பில் பின் செய்துவையுங்கள்.

இங்கிருந்தே பயிற்சி

தமிழ்நாட்டில் இருந்து போகிறவர்கள் குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். வாரத்தில் நான்கு நாள் ஒரு மணி நேர நடை, அபார்ட்மென்ட் படிக்கட்டில் ஏறி இறங்குவது, பிறகு அதையே பையை மாட்டிக்கொண்டு செய்வது. வனத்துறையின் `ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் ஆன்லைனில் புக் செய்து, வழிகாட்டியோடு நடக்கும் பாதைகள் இருக்கின்றன. அடுத்தடுத்து இரண்டு நாள் நடந்து பாருங்கள். முதல் நாள் யாரும் நடந்துவிடலாம். வலித்த கால்களோடு இரண்டாம் நாள் காலை ஷூ மாட்டுவதில்தான் நம் உடல் நிலை தெரியும். மழையில் ஒரு நாள் நடந்து, ஜாக்கெட் உண்மையிலேயே தண்ணீர் புகாததுதானா என்றும் சோதியுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தாள்

ஐஸ்லாந்து மீட்புக் குழுக்கள் நடத்தும் `சேஃப் டிராவல்' இணையதளத்தில் உங்கள் பயணத் திட்டத்தைப் பதிவுசெய்யலாம். மீட்புப் பணிக்கு வருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். தம் வேலையையும் தூக்கத்தையும் விட்டுவிட்டு வருகிறவர்கள். அவசர எண் 112.

அதோடு, வீட்டுக்கும் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்தத் தேதியில் எங்கிருந்து எங்கே, தங்கும் குடிலின் பெயர், உடன் வருபவர்களின் போன் எண்கள், இன்ஷூரன்ஸ் பாலிசி எண், குடில்களை நடத்தும் சங்கத்தின் போன் எண். முக்கியமாக, இரண்டு தேதிகள். ஒன்று, `இந்தத் தேதி தோர்ஸ்மோர்க் போய்ச் சேர்ந்ததும் பேசுவேன்'. இரண்டாவது, `இந்தத் தேதி, இந்த மணி வரைக்கும் போன் வரலைன்னா மட்டும் சங்கத்துக்குப் பேசுங்க'. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு நாள் இடைவெளி இருக்கட்டும். ஐஸ்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு எட்டு மணிக்குக் குடிலில் ஷூவைக் கழற்றும்போது, இங்கே மறுநாள் நள்ளிரவு ஒன்றரை.

அப்பா, அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நடுவில் இரண்டு நாள் போன் வராவிட்டால், அது சிக்னல் இல்லாததால்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கிளம்பும்போது `ஜாக்கிரதையா போயிட்டு வா' என்பதோடு இன்னொன்றையும் சொல்லி அனுப்புங்கள்: ``க்ளைமேட் சரியில்லைன்னா திரும்பி வந்துடு. டிக்கெட் காசு போனா போகுது, அந்த மலை எங்கேயும் ஓடிப்போகாது.''